பன்னிரண்டுக்குப் பதினொன்று

நைட் ட்யூட்டி முடிந்து வந்த கையோடு
தையல் டேப்பால் வீட்டை அளந்தேன்.
பெரிய டேப்பு வாஹித் பாயிடம் இருக்கிறது.
கேட்டால் எதற்கென்பார்.
எதற்கென்று சொன்னால்
சத்துவாச்சாரியில் எங்கள் தெரு மொத்தமும்
மத்தியானத்துக்குள் தன்னை அளந்து முடித்திருக்கும்.

ஐந்தடி ஐந்தடியாகக் கூட்டிக்கொண்டு போனேன்.
பீரோ சுவரோடு ஒட்டிய இடத்தில்
டேப்பு நுழையவில்லை, சாண் போட்டேன்.
கூட்டி, கழித்து, மறுபடி கூட்டி
ஆயிரத்து நாற்பத்தெட்டு.
மாநகராட்சி நோட்டீசில் ஆயிரத்து நூற்று எண்பது.
மிச்சம் நூற்று முப்பத்திரண்டு சதுர அடி
கட்டிலுக்கு அடியிலும் இல்லை.

சீராய்வு மனு எழுத உட்கார்ந்தேன்.
பில் கலெக்டர் இளம்பரிதி வழி சொல்லியிருந்தான்:
"கட்டடத்துக்கு வயசப் போடுங்க மேடம், கெழமாயிட்டா கொறயும்.
சொந்தக் குடியிருப்புன்னு போடுங்க, வாடகைன்னா ஏறும்.
மாடிப்படி மேல ஷீட்டுதான? அத்தையும் எழுதுங்க.
மொத மாசத்துலயே கட்டிட்டா தள்ளுபடி, அது தனி."

எழுதினேன்.
தெரு பத்தடி. ஆட்டோ வந்தால் ஆட்டோ மட்டும்தான்.
மழைக்குச் சாக்கடை வாசற்படி ஏறும்.
வடக்குச் சுவரில் விரிசல், விரல் நுழையும்.

விரல் நுழையாது.
நகம் நுழையும்.

போன மாதம்தான்
ப்ளெஸ்ஸியின் படிப்புக் கடனுக்கு மதிப்பு போட
பேங்க்காரர் வந்தபோது
இதே விரிசல்மேல் காலண்டரை மாட்டி
"பைபாஸ் ரெண்டு நிமிஷம் சார்,
போர் தண்ணி இளநீர் மாதிரி" என்றேன்.
இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு
வீடு ஒன்றும் சொல்லவில்லை.
மின்விசிறி மட்டும் கொஞ்சம் கடகடத்தது.

மண்டல அலுவலகத்தில் கோமளவல்லி மேடம்
பழைய கோப்பைத் தேடி எடுத்து
வரைபடத்தை மேசையில் விரித்தார்.
சுருண்டுகொண்டே இருந்தது.
ஒரு மூலைக்கு ஸ்டாம்ப் பேடு, ஒன்றுக்கு டீ கிளாஸ்,
ஒன்றுக்கு அவர் செல்போன், ஒன்றுக்கு என் கை.

பின்பக்கம் ஓர் அறை.
பன்னிரண்டுக்குப் பதினொன்று.

"இது எங்க?"
"கட்டல மேடம்."
"ப்ளான்ல இருக்கே."

இருக்கிறது.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனி கேட்டைப் பூட்டிய வாரம்
பதினேழு மூட்டை சிமெண்டைப் பாதி விலைக்குத் திருப்பினோம்.
நான்கு கம்பிகள் மட்டும் நிற்கின்றன.
ஒன்றில் மாப்பு காயும்.
நடுவில் துவைக்கிற கல், காலி சிலிண்டர்.
எபனேசர் இப்போது அடிஸ் அபாபாவில்
வேறு யாருடைய கால்களுக்கோ தோல் வெட்டுகிறார்.
அந்த அறைக்கு இருபத்துநான்கு அரையாண்டு
வரி கட்டியிருக்கிறோம்,
ஒரு தவணையும் தவறாமல்.

"இல்லன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க.
பின்னாடி கட்டினா வந்து சொல்லணும், சரியா?"

நரம்பு கிடைக்காத கையிலும்
ஊசி ஏற்றிவிடுகிறவள் நான்.
'மேற்படி அறை' என்பதில்
றை-யை இரண்டு முறை திருத்தினேன்.

அரையாண்டுக்கு நூற்று எழுபத்தாறு ரூபாய் குறையுமாம்.
ராத்திரி அவரிடம் சொன்னேன்.
"நூத்தி எழுபத்தாறா, நல்லதுதான்" என்றார்.
அங்கே மழை.
தகரத்தில் அது விழுவது லைனில் கேட்டது.
ப்ளெஸ்ஸியின் பஸ் பாஸ் பற்றிக் கேட்டார்,
என் முழங்கால் பற்றி.
வைக்கப் போகும்போது,
"பெர்சிஸு, அந்த ரூமுக்கு
ஜன்னல் எந்தப் பக்கம் போட்டிருந்தோம்?"

ஜெராக்ஸ் கைப்பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.
கிழக்கே ஒன்று என்றேன்.
பின்பக்கம் ஒன்று, சின்னது.