ஊதாதே

பனங்காட்டில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்
கண் திறக்க மூன்று விசில் ஆகும்.
குக்கரை ஏற்றிவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவேன்.
பருப்பு வெந்திருக்கும்,
அது இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

பில் போட்டால் பெயர் வரை வரும்,
எடையைத் தட்டினால் உறையும்.
சில நாள் பிரிண்ட் கொடுக்கும் நேரம் பார்த்து
தானாக அணைந்து தானாக எழும்,
ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

வைரஸ் என்றார் கொழுந்தனார்.
ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து
எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார்.
தேஜுவின் காதுகுத்துப் படங்கள் போயின.
வேகம் திங்கட்கிழமை மதியம் வரை இருந்தது.
ஐந்து ரோடு கடைக்காரன்
"பழசுக்கா, தூக்கிப் போடுங்க" என்றான்,
புதுசின் விலைப்பட்டியலை நீட்டியபடி.

நான் ஒரு நோட்டுப் போட்டேன்.
எத்தனை மணிக்கு நின்றது, அப்போது என்ன ஓடியது.
பதினொரு நாள்.
கரண்ட் இறங்கிய நேரம் இல்லை.
தேஜு விளையாடிய நேரமும் இல்லை
(பாவம், இரண்டு முறை திட்டியிருக்கிறேன்).
பக்கத்து அறையில் கொலுசுக்கு மெருகு போடும் மோட்டார்
ஓடிய மத்தியானங்களில்தான் அதிகம்.

கோட்டையிலிருந்து இதாயத் வந்தான்.
நோட்டைப் படித்தான், முழுசாக.
அதற்கே அவனுக்கு டீ போட்டேன்.

பக்கத் தகடு கழன்றது.
உள்ளே விசிறி கம்பளி போர்த்தியிருந்தது.
சாம்பல் நிறம். அசைத்தால் எங்கோ ஒரு மினுக்கு.
தேஜுவின் ரப்பரை வாங்கி
மெமரி அட்டையின் பல்லைத் தேய்த்தான்,
நாக்கைக் கடித்துக்கொண்டு,
பரீட்சையில் தப்பை அழிக்கிற மாதிரி.
பிறகு ஊதும் மெஷினை எடுத்தான்.

"ஊதாதே!"
ஓடிவந்தார் என் வீட்டுக்காரர்,
பொடி வைத்து ஊதியே பிழைக்கிறவர்.
பழைய வேட்டியை விரித்து
பிரஷ்ஷால் துடைக்க வைத்தார்,
விசிறி இறக்கை, மதர்போர்டின் சந்து பொந்து.
கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டியதில்
இரண்டு அரிசி, ஒரு சலங்கை முத்து.

பட்டறை கூட்டின மண்ணோடு சேர்த்து
மாதக் கடைசியில் உருக்கப் போகும்.
"எவ்வளவுண்ணா தேறும்?"
"உன் கூலிக்குக் காணாது."
ஆனாலும் முடிச்சு போட்டார், கெட்டியாக.

ஏழு வருஷமாய்
அரம் பட்டு உதிர்ந்ததில் ஒரு பங்கை
மூச்சோடு இழுத்து வைத்திருந்திருக்கிறது,
திக்கித் திணறி,
அதையும் சோம்பேறி என்றோம்.

முதல் விசிலுக்கு முன்பே இன்று கண் திறந்தது.
நோட்டில் பக்கம் மீதி இருக்கிறது.
மோட்டார் நின்றதும் அந்த அறையில் இருமல்.
மூன்று பத்து என்று எழுதினேன்.
கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.