சின்னக் குவியல்

தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் வாக்குப்பெட்டியை வைப்போம்.
சிமெண்ட் தரையில் எண்ணெய்க் கறை,
இரண்டு மடக்கு மேசை,
மார்லிஸ் சுட்டுவரும் பூசணி ரொட்டி.
பதிவேட்டில் பெயருக்கு நேரே கோடு கிழிப்பது என் வேலை.
பதினெட்டு வருடமாகக் கிழிக்கிறேன்.

அறுபத்தொரு பெயர்.
இருட்டுவதற்குள் ஐம்பத்தெட்டு கோடு விழுந்துவிடும்.
நகரத்துச் செய்தியாளர் ஒருமுறை போனில் வியந்தார்:
தொண்ணூற்றைந்து விழுக்காடா, எப்படி?
எப்படி என்றால்,
வராதவர் வீட்டுக்கு ஐந்தரை மணிக்கு நாங்களே கூப்பிடுவோம்.
சோள அறுவடை இயந்திரத்தைப் பாதி வயலில் நிறுத்திவிட்டு
காதெல்லாம் உமியோடு வந்து நிற்பான் டேரல் க்விஸ்ட்.

விடுபடும் மூவரில் ஒருவர் படுக்கையில்,
ஒருவர் லாரியோடு வயோமிங்கில்.
மூன்றாமவர் ஓடெல் ட்வெட்.
அவர் தவறாமல் வருவார்.
காபி குடிப்பார், ரொட்டியில் இரண்டு துண்டு,
வானிலையைத் திட்டுவார்,
ஓட்டுப் போடாமல் போய்விடுவார்.
கேட்டால்,
"வேடிக்கை பார்க்கவும் ஒருத்தன் வேண்டாமா?"

எட்டு மணிக்குக் கதவைச் சாத்தி எண்ணுவோம்.
பெரிய குவியல், சின்னக் குவியல்.
ஐம்பத்தைந்து, மூன்று.
நான்கு வருடம் கழித்தும்
ஐம்பத்தைந்து, மூன்று.
மூன்று என்றதும் எல்லாக் கண்ணும்
ஓடைக்கு அந்தப்பக்கம் திரும்பும்.
மாட்டு டாக்டர் ரோஷாக், மனைவி டெல்ஃபின், மகள் இனா.
வீட்டில் மூன்று ஓட்டு, பெட்டியில் மூன்று ஓட்டு.
இரகசிய வாக்கெடுப்பாம்.

பசு கன்று ஈன முடியாமல் தவித்தால்
நள்ளிரவில் அவர் கை வேண்டும்.
மற்றபடி அந்த வாசல் வந்ததும்
வெர்லின் ஹாகன் தன் பனிவாரியின் அலகைத் தூக்கிக்கொள்வார்.
ஊர்ப் பாதை முழுதும் வாரிவந்து
அந்த நாற்பது அடிக்கு மட்டும் தூக்கி
தாண்டியதும் இறக்குவார்.
யாரும் எதுவும் சொன்னதில்லை.
நானும்.

அந்த மூன்றில் ஒன்று என்னுடையது.

கை நடுங்கியது என்று எழுதினால் பொய்.
பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியை மூடிய வருடம் அது,
பிரசவத்துக்கு எழுபது மைல்.
வட்டத்தைக் கறுப்பாக்கினேன், மடித்தேன், போட்டேன்,
வந்து பதிவேட்டின் முன் உட்கார்ந்துகொண்டேன்.
இரவு "மூன்று" என்றதும்
நானும் ஓடைப் பக்கம் பார்த்தேன்,
எல்லோரையும் போல.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது:
ஒன்று நான் என்றால்
அந்த வீட்டு மேசையில்
உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நகர்த்துகிற ஒருவர்
பெரிய குவியலில் இருக்கிறார்.
டெல்ஃபினா? அதிகம் பேசாத இனாவா?
டாக்டரே தானா?
யாரோ, அவருக்கும் கணக்கு இடித்திருக்கும்.
பெயர் தெரியாமலே
ஒருவரை ஒருவர் மறைத்துக்கொண்டிருந்தோம்.

போன வசந்தத்தில் ரோஷாக் குடும்பம் ஒமாஹாவுக்குப் போய்விட்டது.
பியானோவைத் தூக்க ஆளில்லாமல்
பால் வண்டிக்காரன் கை கொடுத்தான்.

இந்த நவம்பரில் வெர்லின்தான் எண்ணினார்.
இனி ஒரே குவியல், கட்டுப்போட வசதி என்று
யாரோ சிரித்தார்கள்.
நான் ஒன்றுக்குத் தயாராக இருந்தேன்:
ஒரே ஒரு தாள்,
அதைச் சுற்றி ஊர் முழுக்கக் கண்கள்.

ஐம்பத்திரண்டு.
மூன்று.

வெர்லின் விரலை நாக்கில் நனைத்து மறுபடி எண்ணினார்.
மூன்று.
ஓடெல் ட்வெட் கோப்பையைக் கீழே வைத்தார்:
"என்னைப் பார்க்காதீர்கள்."

விடியும்போது பத்து அங்குலம் பனி.
பனிவாரி வரும் சத்தம், மஞ்சள் விளக்கு.
என் வாசலில் நின்றது.
திரைச்சீலைக்குப் பின்னால் நான்.
அலகு ஏறவுமில்லை, நகரவுமில்லை.
பிறகு வாரிக்கொண்டு போனது.
மார்லிஸ் வாசலிலும் நின்றது. வாரியது.
க்விஸ்ட் வாசலிலும்.

ஆளில்லாத ரோஷாக் வீட்டைத் தாண்டிப் போனவர்
வண்டியைப் பின்னுக்கு எடுத்துவந்து
அந்த நாற்பது அடியை
இரண்டு தடவை வாரினார்.