போக மட்டும்

மாக பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி
ஆஸ்பூரிலிருந்து பேணேஷ்வர் திருவிழாவுக்குப் போகும் என் பஸ்ஸில்
பாதிப் பேர் இறந்தவர்கள்.
சிவப்புத் துணியில் வாய் கட்டி
மடிக்கு மடி கலயங்கள்.
அவர்களுக்கு நான் சீட்டுக் கிழிப்பதில்லை.
லக்கேஜ் என்று போடவும் கை வராது.

ஜம்கு பர்கி மட்டும் இரண்டு கேட்டாள்.
சும்மா வரட்டும்மா என்றேன்.
"ஹிம்மத்நகர் சூளைக்குப் பதினோரு வருஷம்
கூரையில்தான் போனான். பாதிக் காசு.
மழைக்கு ஒரு யூரியாச் சாக்கு.
இன்றைக்கு உட்காரட்டும், ஜன்னலோரமாய்."

போக வர எடுத்தால் எட்டு ரூபாய் மிச்சம்
என்று சொல்லிவிட்டேன். வாய்ப் பழக்கம்.

"எனக்குப் போக வர.
அவனுக்குப் போக மட்டும்."

ஒற்றைக்காலில் தொங்கியவர்கள்கூட
அந்த இருக்கையைக் கேட்கவில்லை.
திருப்பத்தில் கலயம் சாய்ந்தபோது
வில்லும் அம்புமாய் நின்ற பையன்
முழங்காலை முட்டுக் கொடுத்தான்.

சாப்லாவில் செக்கர் ஏறினான்.
தலையை எண்ணினான், சீட்டை எண்ணினான்,
ஒன்று உதைக்கிறதே என்றான்.
ஜன்னலைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
சரி என்று எழுதிக்கொண்டான்.

மறுநாள் திரும்பும் வண்டி.
மஹியும் சோமும் கலக்கிற இடத்துச் சேறு
படியெல்லாம்.
பின்னால் ராட்டினம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது,
காதுகுத்தும் கடையில் ஒரு குழந்தை வீறிட்டது.
ஜம்கு வந்தாள்.
புது அரிவாள், எண்ணெய் ஊறிய ஜிலேபிப் பொட்டலம்.
ஜன்னலோரத்தில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
எழுப்பட்டுமா என்றேன்.

"வேண்டாம். மேலே போகிறேன்.
அங்கேயிருந்து அப்படி என்னதான் தெரியுமோ."

ஏணியில் அவள் கால் மறையும்வரை
விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன்.