பூவுக்கு முன்பதிவு இல்லை

ஃப்ளென்ஸ்பர்க்கில் பிப்ரவரி.
நாலரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
சமையலறை மேசையில் வரைபடம்.
அது சுருண்டுகொள்ளாமல் இருக்க
ஒரு பக்கம் கடுகுச் சீசா,
மறுபக்கம் ஃபோல்கர்ட்டின் முழங்கை.

ஹில்டஸ்ஹைம் என்கிறேன்.
அங்கே என்ன என்கிறான்.
ஒரு ரோஜா.
பேராலயத்தின் பின்சுவரைப் பிடித்து ஏறியது.
ஆயிரம் வயதென்று ஊர் சொல்கிறது,
ஆவணம் கேட்டால் சில நூறு கழியுமாம்.
வயதைக் கூட்டிச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஜீவனை
நானும் ஒருமுறை பார்க்க வேண்டாமா?

இப்போதே எடுத்தால் டிக்கெட் பாதி விலை,
எடுத்தபின் மாற்ற முடியாது.
அது பூப்பதோ இரண்டே வாரம்.
எந்த இரண்டு என்று
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

விடுதிக்குத் தொலைபேசினேன்.
ஆல்போர்ன் அம்மாள் எடுத்தாள்,
வாயில் ஏதோ மென்றபடி.
மே கடைசி, ஜூன் தொடக்கம், வெயிலைப் பொறுத்தது;
போன வருடம் ஸ்வீடன்காரர்கள் வந்து
வெறும் இலையைப் படமெடுத்துப் போனார்கள்.
தரைத்தளத்தில் அறை உண்டா?
உண்டு. குப்பைவண்டி ஆறு மணிக்கு வரும், பரவாயில்லையா?

ஃபோல்கர்ட் கையேட்டைப் புரட்டுகிறான்.
சந்தைச் சதுக்கம்:
எலும்பு வெட்டுவோர் மாளிகை,
கசாப்புக்காரர் சங்கம் கட்டியது,
அடுக்கடுக்காக முன்தள்ளிய மரவீடு.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொல்கிறான்:
"விப்கே, இந்த வீடு
உன்னைவிட இருபத்தெட்டு வயது இளையது."

அசல் எரிந்துவிட்டது.
நாற்பத்தைந்து மார்ச்சில், ஒரு மதியத்தில்,
போர் முடிய ஏழு வாரம்கூட இல்லாதபோது.
எண்பதுகளில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.
நாற்பது வருடம் படகு எஞ்சின் பார்த்தவன் இவன்,
நகல் உதிரியை முகர்ந்தே சொல்லிவிடுவான்.
"நகலுக்கு ஆறு மணி நேர ரயிலா?"

இடது இடுப்பில் கை வைத்தேன்.
உள்ளே டைட்டானியம், போன அக்டோபரிலிருந்து.
"பழைய எலும்பை வெட்டிப் போட்டாயிற்று.
என்னை இன்னும் விப்கே என்றுதானே கூப்பிடுகிறாய்?"
அது வேறு என்றான்.
எப்படி வேறு என்று கேட்டேன்.
காப்பி ஆறுகிறது என்றான்.

ராத்திரி படுக்கையில் மேலே படித்தேன்.
மிக்கேல் ஆலயத்தின் ஓவிய மரக்கூரையை
குண்டு விழுமுன்பே கழற்றி
எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டார்களாம்.
அதனால் அது அசல்.
கழற்றலாமென்று முதலில் வாய்திறந்தது யார்?
தோற்போம் என்கிறாயா என்று
அவர்மேல் பாய்ந்திருப்பார்களே.
பலகைக்குப் பலகை எண் எழுதினார்களா,
எதில் சுற்றினார்கள், கம்பளியிலா?
பெட்டி கட்டுவதில் எனக்கிருக்கும் அக்கறை
எனக்குத்தான் தெரியும்;
அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த பக்கம்:
லாப்பன்பெர்க்கில் யூதர்களின் ஜெபக்கூடம்
முப்பத்தெட்டிலேயே எரிந்தது.
அதற்கு எந்த விமானமும் வரவில்லை.
உள்ளூர்த் தீக்குச்சியே போதுமாயிருந்தது.
அங்கிருந்து எதையாவது கழற்றிப்
பத்திரமாக எடுத்து வைக்க
ஏணி பிடித்தது எவர்?
விளக்கை அணைத்தேன். பிறகு மறுபடி போட்டு
திட்டத்தாளில் எழுதினேன்:
முதல் நாள் காலை, லாப்பன்பெர்க்.
ரோஜா மதியத்துக்கு மேல்.

காலையில் பார்க்கிறேன்,
என் எழுத்துக்குக் கீழே பென்சிலில்
அவன் கோணல் எழுத்து:
"அங்கே படிகள் உண்டா? கேள்.
ஹன்னோவரில் வண்டி மாற ஒன்பது நிமிடம்தான்,
உனக்குப் போதாது, அடுத்ததைப் பிடிப்போம்."
அதற்கும் கீழே, அடித்து, திரும்ப எழுதி:
"நகல் வீட்டில் சாப்பிடலாம். பசிக்குமே."

ஜூன் மூன்று, இரண்டு பேர், ஜன்னலோரம்.
பொத்தானை அழுத்துமுன் கேட்டான்:
அதற்குள் உதிர்ந்திருந்தால்?

அழுத்திவிட்டேன்.
மாற்ற முடியாது.