உலர் எடை

திங்கள், புதன், வெள்ளி.
பிடோக்கில், புளோக்கின் கீழ்த்தள டயாலிசிஸ் நிலையத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் தராசில் ஏறுவேன்.
அறுபத்தொன்று புள்ளி நான்கு.
இரண்டு நாளாய் ஒளித்துக் குடித்த தண்ணீரையெல்லாம்
அது ஒரு மிடறு விடாமல் சொல்லிவிடும்.
தாதி மா தண்டார் எண்ணை எழுதிக்கொண்டு
இடது கையில் ஊசி ஏற்றுகிறாள்.
இனி நான்கு மணி நேரம்.

பக்கத்து நாற்காலியில் மேடம் லோ.
அவர் மடிமேசையில் டேப்லெட். அதில் அந்தப் போதகர்.
எந்த நாட்டு மேடையோ, பல்லெல்லாம் வெளிச்சம்.
விதையுங்கள் என்கிறார். விதை என்றால் டாலர்.
ஒன்றுக்கு நூறாய்த் திரும்பி வருமாம்.
வராவிட்டால் உங்கள் விசுவாசத்தில் ஓட்டையாம்.
நோயும் அப்படித்தானாம்.
ஒன்பது பேர் கையை நீட்டிப் படுத்துக் கேட்கிறோம்,
எங்கள் இரத்தம் வெளியே ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறது.

முப்பத்திரண்டு வருடம் நான் எடை அளவுப் பரிசோதகன்.
கட்டிக் கணக்கு போய்க் கிலோ வந்த காலத்திலிருந்து.
விடியுமுன் தேக்கா சந்தைக்குப் போவேன்,
கையில் பித்தளைக் கற்கள் அடுக்கிய பெட்டி.
மீன்காரர் டாச்சிங் கோலைத் தூக்கினால்
விரலைப் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன்.
முறைப்பவன் கல் சரியாக இருக்கும்.
ஊதுபத்தி கொளுத்திக் கடை திறப்பவனின்
சரக்குத் தட்டுக்கு அடியில் மெழுகு இருக்கும்.
கள்ளத்தராசு என்ற சொல்லை வேதத்தில் பார்த்த அன்று
எங்கள் இலாகாவின் சுற்றறிக்கை என்றே நினைத்தேன்.

பழக்கம் போகவில்லை.
இவரையும் முகம் பார்க்காமல் நிறுக்கிறேன்.

ஊழியத்துக்குத் தனி விமானம் வேண்டும் என்கிறார்.
எதிர்த் தட்டில் ஒரு கழுதை. அதுவும் இரவல்.
பவுலை மேற்கோள் காட்டுகிறார், சரி,
தன் சோற்றுக்காக யாரும் பாரம் சுமக்கக் கூடாதென்று
கூடாரத் துணி தைத்த விரல்களை மட்டும் காட்டவில்லை.
மூன்று தரம் மன்றாடியும் எடுக்கப்படாத அந்த முள்ளையும்.
எனக்கு அந்த முள்ளைத் தெரியும்.
வாரத்தில் மூன்று நாள், பதினைந்தாம் நம்பர் ஊசி.

பிறகு வழக்கம்போல விதவையின் இரண்டு காசு.
குரல் தழுதழுக்கிறது, பின்னால் பியானோ.
இவர் எப்போதும் காசிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறார்.
அதற்குச் சற்று மேலே,
நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை
விழுங்குகிறவர்களைப் பற்றி இருக்கிறது.
அந்த வரியின் மேல்
ஒரு விரல்.

திரையின் மூலையில் காணிக்கைச் சதுரம் வந்தது.
மேடம் லோவின் ஒரு கை இயந்திரத்தில்,
மறு கையில் போன். டேப்லெட் சாய்ந்து கிடக்கிறது.
அங்கிள், இதைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடியேன் என்றார்.
எவ்வளவு என்று கேட்டேன்.
ஐம்பது. மாதா மாதம். மகன் பேசுவதில்லை, அதற்காக.

சந்தையாக இருந்தால் தராசைப் பறிமுதல் செய்திருப்பேன்.
வாயில் எல்லா வசனமும் வந்தது.
கூடவே,
என் சிறுநீரகம் நின்ற முதல் வருடத்தில்
அருள்மணி தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து
இதே சதுரத்துக்கு நான் அனுப்பிய எண்ணூறும் வந்தது.
இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

கை எட்டவில்லை என்றேன்.

எட்டியது.

சதுரம் மறைந்தது. மீண்டும் பியானோ.
பரவாயில்லை, அடுத்த வாரம் என்று சொல்லி
மேடம் லோ பையைத் துழாவி
ஓர் இஞ்சி மிட்டாயை எடுத்து
இருவருக்கும் நடுவே நீட்டினார்.
எட்டி வாங்கிக்கொண்டேன்.
அவர் என் கையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பஞ்சு, பிளாஸ்டர், மறுபடி தராசு.
ஐம்பத்தொன்பது.
சரியா என்று கேட்டேன்.
எண்ணைக் கேட்கிறேன் என்று நினைத்து
மா தண்டார் சரி என்று எழுதினாள்.