இல்லாத விமானத்தின் முகவரி

கறவை இயந்திரத்தின் பழைய செம்புக் கம்பியில்
ஏழு சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவாக
ஐந்து துண்டு வெட்டினேன்.
நான்கு கீழே கால் விரித்து நிற்க
ஒன்று மட்டும் வானைப் பார்த்து.
மழைக்குத் தயிர் டப்பாவைக் கவிழ்த்தேன்.

ராபினாவில் என்னைத் தெரியாத மாடு இல்லை.
மனிதர்களோடு அவ்வளவு பழக்கமில்லை.
ஆனாலும் இரண்டாவது பெட்டிக்கு
இன்னொரு கூரை வேண்டியிருந்தது,
நான்கு கிலோமீட்டராவது தள்ளி.
ஹெல்தூர் தன் நீராவிக் குளியலறைக் கூரையைத் தந்தான்.
"மின்சாரம் எவ்வளவு குடிக்கும்?"
"உன்னைவிடக் குறைவாக."
அதற்கப்புறம் அவன் கேள்வி கேட்கவில்லை.

கணக்கு இவ்வளவுதான்:
மேலே போகிற ஒவ்வொன்றும்
தான் இருக்கும் இடத்தை
நொடிக்கு இருமுறை கத்திக்கொண்டே போகிறது.
யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.
அந்தக் கத்தல் என் கூரைக்கு எப்போது வந்தது,
அவன் கூரைக்கு எப்போது வந்தது,
கழித்துப் பார்த்தால்
ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு.
விமானம் நகர நகர அதுவும் நகர வேண்டும்.

பிப்ரவரி. பின்னிரவு இரண்டேகால்.
பெய்ப்ஸி ஏரிக்கு மேலே பதினோராயிரம் மீட்டரில்
ஒரு சரக்கு விமானம், திரையில்,
தெற்கே வழுக்கிப் போகிறது.
காற்று அதைத் தொடவே இல்லை.
கழித்தல் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது.
ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

வெளியே போய் நின்றேன்.
ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடும் ஓசை,
வேறொன்றும் இல்லை.
வானத்தில் போவதாகச் சொன்னது
எங்கோ தரையில்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.
எங்கே என்று இரண்டு கூரைகளால் சொல்ல முடியாது.
காட்டின் குறுக்கே ஒரு வளைகோடு கிடைக்கும்,
அவ்வளவுதான்.
குறிப்பேட்டில் எழுதினேன்: பொய்.

மூன்றரைக்கு இன்னொன்று.
தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகச் சொன்னது.
ஆனால் கழித்தல் நகர்ந்தது,
ஐந்து, நாலரை, நாலு,
கொட்டகைக்கு மேலே சிவப்பு விளக்கு சிமிட்டியது,
பின்னாலேயே இரைச்சல் இழுபட்டு வந்தது.
நிஜ விமானம்.
யாரோ அதன் காதில் வேறு இடத்தை ஓதியிருக்கிறார்கள்.
அது நம்பிவிட்டது.
நம்பியதை நொடிக்கு இருமுறை
நாணயமாகச் சொல்லிக்கொண்டு போகிறது,
உள்ளே நூற்றைம்பது பேர் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

இதற்கு என்ன எழுத?
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

விடிந்ததும் மூன்றாவது கூரை கேட்டுப்
பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும்.
அங்கே எனக்கு ஒரு மாட்டைக்கூடத் தெரியாது.