தொண்ணூறு கிலோ

முதலில் பனியை எடுத்தேன்.
ஏற்காடு, ஜனவரி, காலை ஏழே கால்.
பகோடா பாயின்ட் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால்
ஒன்றுமே இல்லை என்பதைப்
பதினொரு முறை சொடுக்கினேன்.

அடுத்த வாரம் மாதையன்.
செவ்வாய்ப்பேட்டைக் கிடங்கு வாசல்,
தலையில் மூட்டை,
உடம்பெல்லாம் ஜவ்வரிசி மாவு, புருவத்தில்கூட.
அவரைக் கறுப்பு வெள்ளையாக்க
எனக்குப் பெரிதாய் வேலை இருக்கவில்லை.

வெட்டத்தான் மூன்று இரவு.
காதோரம் மயிர் மயிராக.
லுங்கி மடிப்பில் ஒட்டிக்கொண்டு வந்த செங்கல் சுவரை
ஊசிமுனை பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டி எடுத்து
இருபது கொண்டை ஊசி வளைவையும்
ஒரே இழுப்பில் ஏற்றி
மேகத்தின் மேல் நிறுத்தினேன் அவரை.
படம் அழகாக இருந்தது.
அப்போதே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

மூன்றாம் ஞாயிறு, அழகாபுரம்,
ஜெராக்ஸ் கடை மாடி, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி.
படம் செய்தவர் வாய் திறக்கக் கூடாது.
அது நாங்கள் போட்டுக்கொண்ட விதி.

கல்யாண ஆல்பம் செய்யும் தனராஜ் சொன்னார்:
ஓரம் வெட்டுது, ரெண்டு பாயின்ட் மங்க விடலாம்.
தனராஜ் எதையும் ரெண்டு பாயின்ட் மங்க விடுவார்.
பிலோமினா கேட்டாள்:
வெயில் இவருக்கு இடப்பக்கம், மலைக்கு வலப்பக்கம்.
ஒரே ஆளுக்கு ரெண்டு சூரியனா?

அன்வர் பாஷா பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர்.
அச்சைத் தலைகீழாகத் திருப்பி
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
ரொம்ப நேரம் பேசவே இல்லை.
பிறகு,
'சாம்பல் எல்லாம் சரி. கறுப்பு நிஜக் கறுப்பு.
கழுத்துதான்.
இந்தக் கழுத்து ஒண்ணையும் சுமக்கலை.'

என் டீயில் ஆடை படிந்தது.
விதி விதிதான்.

அன்றிரவே மலையை இடவலமாகப் புரட்டிப் போட்டேன்.
சூரியன் ஒன்றாகிவிட்டது.
ஊர் இருக்க வேண்டிய பக்கத்தில் ஊர் இல்லை.
பனிதானே, யாருக்குத் தெரியப்போகிறது?
எனக்குத் தெரிந்தது.
கழுத்தைக் கருக்கினேன்,
இல்லாத நரம்பு இரண்டை நிழலால் வரைந்தேன்,
அழித்தேன்.

அச்சை மாதையனிடமே கொண்டுபோனேன்.
துண்டில் கை துடைத்து
ஓரத்தை மட்டும் விரல்நுனியில் பிடித்து வாங்கினார்.
'இது திப்பி மூட்டைங்க' என்றார் உடனே.
'போட்டோவுக்கு நில்லுன்னீங்க.
தொண்ணூறு கிலோவ வெச்சிக்கிட்டு எங்க நிக்கிறது?
கைக்குக் கெடச்சதத் தூக்கி வெச்சேன்.
லோடு ஏறினா
கட்டைவிரல் தரையைக் கவ்வுமுங்க,
இப்படிப் பரப்பிக்கிட்டு நிக்காது.'

திருப்பித் தருமுன் மறுபடி பார்த்தார்.
மூன்று இரவு நான் பதித்த மேகத்தை.

'எந்தக் கெடங்குங்க இது,
இவ்ளோ மாவு பறக்குது?'

ஏற்காடு என்றேன்.
'ஏற்காடா?'
சிரித்தார். புருவத்திலிருந்து கொஞ்சம் உதிர்ந்தது.
'ஒருதடவ சிமென்ட் எறக்கப் போனேன். ராத்திரி.
ஒண்ணுந் தெரியல.'

நின்று எடுக்க முடியாது,
நடக்கும்போது எடுத்துக்கொள்ளச் சொன்னார்.
லாரிக்கும் கிடங்குக்கும் பதினாறு எட்டு.
வழியில் நான்;
'தள்ளு தள்ளு' என்று பின்னால் வருகிறவர்கள்.
நூற்றுப் பதினான்கு படம்.
முகம் ஒன்றிலும் நிற்கவில்லை,
மூட்டை வெறும் வெள்ளை இழுப்பு.
எழுபத்து மூன்றாவதில் மட்டும்
ஒரு கட்டைவிரல்.
இருநூறு சதம் பெரிதாக்கினால்
நகத்துக்கும் சிமென்ட் தரைக்கும் நடுவே
ஒரு மயிரிழைகூட வெளிச்சம் இல்லை.

பனி லேயரின் கண்ணை மூடுகிறேன்.
திறக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறுக்கு இன்னும் எட்டு நாள்.
விரலை வைத்துக்கொள்வேன்.
மலையை என்ன செய்வதென்று தெரியவில்லை.